கையால் தள்ளிய மர ஆலைக்கு வைப்பர் மோட்டார் பூட்டிய பின்

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் எங்கள் காணிக்குள் நாங்களே ஒட்டிச் செய்த பட்டிவாள் ஆலை ஒன்று, அனுமதிப்பத்திரத்தோடு வரும் குற்றிகளையும் காற்றில் சாய்ந்த வீட்டு மரங்களையும் அரிந்து கொடுத்து வருகிறது. இரண்டு கார்ச் சில்லுகளில் ஓடும் 32 மில்லிமீற்றர் அகல வாள், இருசில்லு உழவு இயந்திரத்திலிருந்து கழற்றிய ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், கோண இரும்பில் அமைந்த தண்டவாளம், அதன்மேல் இவற்றையெல்லாம் சுமந்து நகரும் வண்டி என்பனவே அதன் முழு உடைமை. அந்த வண்டியைத் தொடக்கத்தில் கையால் தள்ளினோம். பின்னர் பழைய வான் ஒன்றின் வைப்பர் மோட்டாரைப் பூட்டினோம். சில மாரிகளும் சில சோளகங்களும் அந்த மோட்டாரோடு கழிந்துவிட்டபடியால், புதிதாகப் பூட்டிய மகிழ்ச்சியில் எழுதுவதைக் காட்டிலும் கொஞ்சம் நிதானமாக இதைப் பற்றி எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தள்ளும் களைப்புத் தீரும் என்ற எண்ணத்தில் இதைப் பூட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும் பலன் சிறிது. தண்டவாளம் நேராகவும் பெயாரிங்குகள் நல்ல நிலையிலும் இருந்தால் வண்டியைத் தள்ளுவது அவ்வளவு பாரமான வேலையன்று. குற்றியை ஏற்றுவதும் புரட்டுவதுமே முதுகை முறிக்கும் வேலைகள், அவற்றுக்கு இந்த மோட்டார் உதவாது. ஆனால் பலகையின் தடிப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக வரவேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இதைவிட மலிவான திருத்தம் வேறில்லை.

காரணம் எளியது. மனிதன் நடந்து தள்ளும்போது ஒவ்வோர் அடிக்கும் தள்ளுதல் கூடிக் குறைகிறது. கூடும் இடத்தில் வாளின் முன்விளிம்பு பின்னுக்கு வளைந்து, மேலோ கீழோ தப்ப வழி தேடுகிறது. குறையும் இடத்தில் பழைய நேருக்குத் திரும்புகிறது. அந்தத் தடுமாற்றமே பலகையில் அலையாகப் பதிகிறது. அதைச் சீவி எடுக்க மரவேலைக்காரர் மூன்று நான்கு மில்லிமீற்றரை இழக்க நேர்ந்தால், மெல்லிய பட்டிவாளால் வெட்டுத்தடத்தில் மிச்சம் பிடித்த மரமெல்லாம் சீவற்பொறியில் போய்விடும்.

எங்கள் வாளின் பற்களுக்கிடையே 22 மில்லிமீற்றர் இடைவெளி உண்டு. வாள் செக்கனுக்கு 22 மீற்றர் ஓடினால், குற்றியின் ஒரு புள்ளியை ஒரு செக்கனில் ஆயிரம் பற்கள் கடக்கின்றன. வண்டி நிமிடத்துக்கு 3 மீற்றர் வீதம் நகரும்போது, அதாவது செக்கனுக்கு 50 மில்லிமீற்றர் நகரும்போது, ஒரு பல்லுக்குக் கிடைக்கும் கடி 0.05 மில்லிமீற்றர் மட்டுமே. இதைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான், மிக மெதுவாகத் தள்ளுவதும் தவறு என்பது எனக்கு விளங்கியது. கடி போதாத பல் வெட்டாமல் உரசுகிறது. உரசிய பல் சூடேறி மழுங்குகிறது. மரத்தூளைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்: அரிசிக் குறுணலைப் போல் விழுந்தால் வேகம் சரி, இடியப்ப மாவைப் போல் பறந்தால் வாள் உரசுகிறது.

மோட்டார் அமைப்பை இவ்வாறு செய்தோம். வைப்பர் மோட்டாருக்குள் ஏற்கெனவே ஒரு புழுச்சக்கரம், அதாவது திருகுபோன்ற தண்டால் சுழலும் பற்சில்லு, வேகத்தைக் குறைத்துத் தருகிறது. மெதுவான சுற்றில் எங்களுடையது நிமிடத்துக்குச் சுமார் 45 முறை சுழல்கிறது. அதன் அச்சில் 3 அங்குலக் கப்பி, அதிலிருந்து ஒரு வி பெல்ட், அதன் மறுமுனையில் 8 அங்குலக் கப்பி. பெரிய கப்பியின் தண்டில் 14 பற்களுள்ள மோட்டார் சைக்கிள் முன்பற்சில்லு. தண்டவாளத்தின் ஓரம் முழுவதும் பழைய மோட்டார் சைக்கிள் சங்கிலிகளைத் தொடுத்து இழுத்துக் கட்டி, இரு முனைகளையும் அசையாமல் பூட்டியிருக்கிறோம். சிறு உருளைகள் இரண்டு அந்தச் சங்கிலியைப் பற்சில்லின் மீது வளைத்துப் பிடிக்க, பற்சில்லு சங்கிலியில் ஏறி நடந்து வண்டியை இழுத்துச் செல்கிறது. சங்கிலியின் ஒரு கண்ணி 12.7 மில்லிமீற்றர் என்பதால், பற்சில்லு ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 178 மில்லிமீற்றர் முன்னேறும். கப்பிகளின் விகிதத்தோடு சேர்த்துப் பார்த்தால் உச்ச வேகம் நிமிடத்துக்கு 3 மீற்றரளவில் நிற்கிறது. அதற்குக் கீழே எந்த வேகத்தையும் துடிப்பு முறையில் மின்னைக் கொடுக்கும் வேகக் கட்டுப்படுத்தி ஒன்றின் குமிழைத் திருப்பித் தெரிவு செய்யலாம். மின்வழியில் மின்தடை ஒன்றைப் போட்டு வேகத்தைக் குறைக்கும் பழைய முறையில் பாரம் ஏறியதும் மோட்டார் படுத்துவிடும். துடிப்பு முறையில் ஒவ்வொரு துடிப்பிலும் முழு வோல்ற் அளவும் செல்வதால், மெதுவாகச் சுற்றும்போதும் இழுவை கைவிட்டுப் போவதில்லை.

பெல்ட்டுக்குப் பதிலாக அங்கேயும் சங்கிலி போட்டால் வலுவாக இருக்குமே என்று பார்த்தவர்கள் பலர் கேட்டார்கள். வலுவாக இருக்கக் கூடாது என்பதற்காகவே பெல்ட் போட்டோம். சுருள்வில்லால் இழுக்கப்பட்ட ஒரு சிறு உருளை அந்தப் பெல்ட்டை அழுத்திப் பிடிக்கிறது. வில்லின் இழுவையைக் கூட்டிக் குறைத்து, வாள் வளையத் தொடங்கும் முன்பே பெல்ட் வழுக்கும்படி வைத்திருக்கிறோம். அதே உருளையை ஒரு நெம்பால் தூக்கிவிட்டால் வண்டி மோட்டாரிலிருந்து விடுபட்டுவிடும். புழுச்சக்கரத்தைப் பின்னாலிருந்து சுழற்ற முடியாது என்பதால் இந்த விடுவிப்பு அவசியம். வெட்டு முடிந்ததும் நெம்பைத் தூக்கி, வண்டியைக் கையால் தொடக்கத்துக்குத் தள்ளிவிடுகிறோம். மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றித் திருப்பி அனுப்பவும் முடியும், ஆனால் அது நேரத்தைத் தின்னும்.

இந்த வழுக்கும் பெல்ட்டின் அருமை எங்கள் வன்னிப் பகுதியின் மரங்களை அரிகிறவர்களுக்கு விளங்கும். 2009 வரை நடந்த போரின் எறிகணைச் சிதறல்களும் சன்னங்களும் இன்றும் எங்கள் மரங்களுக்குள் இருக்கின்றன. பட்டை மூடி வளர்ந்து, மேலே ஒரு சிறு வீக்கம் மட்டும் தெரியும். சில மரங்களில் அதுவும் தெரியாது. கையில் பிடிக்கும் உலோகங்காட்டியால் குற்றியைச் சுற்றித் தடவிப் பார்த்த பின்னரே ஏற்றுகிறோம் என்றாலும், ஆழத்தில் கிடக்கும் சிறு துண்டை அந்தக் கருவி தவறவிடுகிறது. வேம்பிலும் பாலையிலும், அரிந்த முகத்தில் கருநீலக் கறை ஒன்று திடீரெனத் தோன்றினால் அடுத்த பலகைக்குப் போகாமல் நிறுத்திப் பார்ப்பது நல்லது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தே அந்த நிறத்தை உண்டாக்குகின்றன. கையால் தள்ளும்போது வாள் இரும்பைத் தொட்ட கணமே தோளுக்குத் தெரியும், கை தானாக நிற்கும். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. வழுக்க இடம் கொடுக்காத அமைப்பாக இருந்தால், பற்கள் போன வாளை அது தொடர்ந்து குற்றிக்குள் திணித்துக்கொண்டிருக்கும். வாள் அறுந்து சில்லிலிருந்து வெளியே பாயும் வரைக்கும் அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே மோட்டார் பூட்டியபின் ஆள் ஓரமாகக் கதிரை போட்டு இருந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். குமிழை வண்டியிலேயே பொருத்தி, வண்டியோடு கூட நடப்பதைத்தான் நான் விரும்புகிறேன். எஞ்சினின் சத்தம் கனக்கும்போது குமிழைச் சற்றுக் குறைப்பதும், இலேசாகும்போது கூட்டுவதும் சில குற்றிகளுக்குள் பழகிவிடும். முற்காலத்தில் இருவர் சேர்ந்து இழுக்கும் வாளில் வேலை செய்த ஒரு முதியவர் எங்கள் ஆலையடிக்கு வந்து நிற்பதுண்டு. முடிச்சு ஒன்று வாளில் மாட்டும்போது எனக்கு முன்னரே அவருக்குக் கேட்டுவிடும். "தம்பி, வாள் அழுகுது, கொஞ்சம் விட்டுப் பிடி" என்பார். அந்தக் காது இல்லாமல் இந்த மோட்டாரை ஓட்டக்கூடாது என்பது என் எண்ணம்.

மரத்துக்கு மரம் அனுபவம் வேறுபடுகிறது. தேக்கிலும் மகோகனியிலும் குமிழை ஓரிடத்தில் வைத்துவிட்டால் கடைசி வரை தொடத் தேவையில்லை; தேக்கில் உள்ள மணற்சத்து வாளை மழுக்குவதால், நாலைந்து பலகைகளுக்குப் பின் சற்றுக் குறைக்க வேண்டிவரும், அவ்வளவே. பாலை தண்ணீரில் அமிழும் பாரமான மரம். காய்ந்த பாலைக்கு உச்ச வேகத்தின் பாதிக்கு மேல் நான் போவதில்லை, பற்களின் சாய்வு குறைந்த வாளையும் தனியே வைத்திருக்கிறேன். கைத்தள்ளுதலுக்கும் மோட்டாருக்குமான வேறுபாடு பளிச்சென்று தெரிவது பாலையில்தான்: அரிந்த தீராந்திகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் இடையில் ஒளி தெரிவதில்லை. முதிரையில் வேறொரு நன்மை கிடைத்தது. முதிரைத் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். தள்ளுகோலைப் பிடித்துக்கொண்டு தூள் கொட்டும் பக்கத்திலேயே நிற்கும் கட்டாயம் நீங்கியதால், இப்போது காற்று வரும் பக்கமாக நடக்க முடிகிறது.

பனைக்கு மட்டும் நான் இன்னும் நெம்பைத் தூக்கிவிட்டுக் கையால்தான் தள்ளுகிறேன். வெளிப்புறம் இரும்பான வைரம், உள்ளே சோறு. ஒரே வெட்டுக்குள் வாள் கடினத்தில் நுழைந்து, மென்மையில் போய், மறுபடி கடினத்தைச் சந்திக்கிறது. சீரான வேகம் அங்கே குணமாகாமல் குறையாகிவிடுகிறது. குமிழைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தேன். கையின் விரைவுக்கு அது ஈடாகவில்லை.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, சங்கிலிக்கு எண்ணெய் விடக்கூடாது என்பதே முதற்பாடம். எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து பசையாகிப் பற்சில்லின் பள்ளங்களை அடைத்து, சங்கிலியைப் பல்லிலிருந்து தூக்கிவிடும். உலர்ந்த தூரிகையால் துடைத்து, மாரிகாலத்தில் மட்டும் டீசல் நனைத்த துணியால் ஒரு முறை தடவினால் போதும். வாளுக்கு வார்க்கும் நீர் சங்கிலிமேல் சொட்டாதபடி ஒரு தகரத்துண்டை வளைத்துப் பூட்டியிருக்கிறோம். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்னைக் கொடுக்கும் கரிக்கட்டைகளை ஒருமுறை மாற்ற நேர்ந்தது. புழுச்சக்கரத்தின் கிறீஸ் காய்ந்து கல்லாகியிருந்ததால் அதையும் கழுவிப் புதிதாக வைத்தோம். சித்திரை வெயிலில் பாலையைத் தொடர்ந்து அரியும்போது மோட்டார் தானாக நின்றுபோவதும் உண்டு. சூடேறினால் மின்னைத் துண்டிக்கும் சிறு தகடு பல வைப்பர் மோட்டார்களுக்குள் இருக்கிறது, ஆறியதும் மீண்டும் ஓடும். அதைப் பழுதென்று எண்ணி மோட்டாரைப் பிரிக்க வேண்டியதில்லை.

அதிகம் தொல்லை தந்தது வேகக் கட்டுப்படுத்தியே. மலிவான மின்சுற்றுப் பலகை என்பதால் ஈரமும் தூளும் எறும்பும் அதற்குப் பகை. மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, வயர் நுழையும் துளைகளைக் கீழ்ப்பக்கமாக அமைத்த பிறகு நிலைத்தது. ஓடும்போது வைப்பர் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் சில அம்பியர்களே என்றாலும், இறுகி நிற்கும்போது அது பலமடங்காகும் என்பதால், கட்டுப்படுத்தியின்மேல் குறித்திருக்கும் அம்பியர் அளவு தேவையைப்போல் இரட்டிப்பாக உள்ளதை வாங்குவது நல்லது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு: இத்தகைய கட்டுப்படுத்தி எரியும்போது பெரும்பாலும் மின் தடையின்றிப் பாயும்படியே எரிகிறது, அப்போது குமிழ் எந்த நிலையில் இருந்தாலும் மோட்டார் முழு வேகத்தில் ஓடும். ஆகையால் குமிழை நிறுத்தும் கருவியாக நம்பக்கூடாது. பற்றரிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தடித்த சுவிட்சும் ஓர் உருகியும் இருக்க வேண்டும். தண்டவாளத்தின் முடிவில் வண்டி மோதும்போது தானாக மின் அறுபடும் சிறு சுவிட்ச் ஒன்றும் வேண்டும்.

மின்சாரத்துக்கு 12 வோல்ற் வாகனப் பற்றரியும் 50 வாட் சூரியத்தகடும் போதுமாக இருக்கின்றன, ஏனெனில் குற்றி புரட்டி அளவு வைக்கும் நேரமெல்லாம் மோட்டார் ஓய்ந்திருக்கிறது. மார்கழி மூடலில் மட்டும் பற்றரியை வெளியே எடுத்துச் சென்று ஏற்ற வேண்டியுள்ளது.

செலவைச் சொன்னால், மோட்டார், கட்டுப்படுத்தி, கப்பிகள் யாவும் சேர்ந்து புதிய வாள்கள் இரண்டின் விலையைத் தாண்டவில்லை. சங்கிலிகளை மோட்டார் சைக்கிள் திருத்துமிடத்தில் கழிவாகவே பெற்றுக்கொண்டோம். பழைய இரும்புக் கடையில் மோட்டார் தெரிவு செய்கிறவர்கள் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். லொறி, பஸ் ஆகியவற்றின் மோட்டார்கள் பெரும்பாலும் 24 வோல்ற். 12 வோல்றில் அவை ஏறத்தாழப் பாதி வேகத்திலேயே சுழலும். உள்ளே பிளாஸ்டிக் பற்சில்லு உள்ளவற்றைத் தவிர்த்து உலோகப் பற்சில்லு உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது. சிலவற்றில் மோட்டாரின் உடலே மின்னின் ஒரு முனையாக அமைந்திருக்கும். பின்னோக்கியும் சுழற்ற எண்ணுகிறவர்கள் அத்தகைய மோட்டாரை இரும்புச் சட்டத்தில் நேரே பூட்டாமல், இடையில் ரப்பரும் நைலோன் வளையங்களும் வைத்தே பூட்ட வேண்டும்.