ஓபிஸ்: உலகக் கடல் கணக்கு ஒரே இடத்தில். பாம்பன் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

மீன் இறங்குதளத்தில் கணக்கெழுதுவது என் பிழைப்பு. பாம்பன் தெற்குவாடி, மண்டபம், சில நாள் ராமேஸ்வரம். படகு கரைக்கு வந்ததும் என்ன மீன், எத்தனை கிலோ, என்ன வலை, வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா), எத்தனை பாகம் ஆழம் (ஒரு பாகம் ஆறடி) என்று கேட்டு நோட்டில் எழுதி, சாயங்காலம் எக்செலில் ஏற்ற வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் கடைசியில் எங்கே போக வேண்டும் என்று பயிற்சிக் கூட்டங்களில் ஒரு பெயர் சொல்வார்கள்: ஓபிஸ். பெருங்கடல் உயிரினப் பன்மயத் தகவல் அமைப்பு. பிரியாணிக் கடைக்கும் பவர் பேங்க்குக்கும் விமர்சனம் எழுதுகிறோம். உலக நாடுகள் கூடி நடத்துகிற இந்தச் சேவை நம் கரைக்கு எவ்வளவு உதவும் என்று பயன்படுத்துகிறவர் யாரும் தமிழில் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

கதை சுருக்கமாக: 2000 முதல் 2010 வரை கடல் உயிர்களைக் கணக்கெடுக்க ஒரு பெரிய சர்வதேசத் திட்டம் நடந்தது. அதன் தரவுக் கிடங்காகப் பிறந்தது ஓபிஸ். திட்டம் முடிந்தால் கிடங்கும் பூட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் 2009-இலேயே யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அலுவலகம் பெல்ஜியத்தின் ஓஸ்டெண்டில். இந்தியாவுக்கான முனை, அதாவது தரவை வாங்கிச் சேர்க்கும் கிளை, இண்டோபிஸ். அது கொச்சியில் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மையத்தில் இருக்கிறது. இன்று 10 கோடிக்கும் மேலான பதிவுகள். பார்க்கக் காசில்லை, தரவிறக்கவும் காசில்லை. இதற்கே ஒரு நட்சத்திரம் தனியாகக் கொடுக்கலாம், ஏனென்றால் நம் ஊர்க் கடலைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படிக்கவே சில இதழ்கள் டாலரில் கட்டணம் கேட்கின்றன.

போனில் முயல வேண்டாம். வரைபடத்தில் ஒரு கட்டம் வரைவதற்குள் விரல் வேறெங்கோ இழுத்துவிடும். மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. உயிரினத்தின் அறிவியல் பெயரைக் கொடுத்து, பாக் விரிகுடாவைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால், பதிவான இடமெல்லாம் புள்ளியாக வந்து நிற்கும். நிறம் மாற்றி இன்னொரு உயிரினத்தை அதன்மேல் ஏற்றலாம். வேண்டியதை ஜிப் கோப்பாக இறக்கினால் உள்ளே அட்டவணை இருக்கும்.

நான் முதலில் தேடியது ஆவுளியா. கடல்பசு என்று பத்திரிகையில் எழுதுவார்களே, அதுதான். 2022-இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தது. வரைபடத்தில் ஆஸ்திரேலியக் கரையோரம் புள்ளிகள் அப்பிக் கிடக்கின்றன, நம் பக்கம் மெலிவு. ஆஸ்திரேலியாவில் விலங்கே அதிகம், அது உண்மை. ஆனால் அங்கே விமானத்தில் பறந்து எண்ணுகிறார்கள், எண்ணியதை ஏற்றிவிடுகிறார்கள். நம் பக்க மெலிவில் எவ்வளவு விலங்கு குறைவால், எவ்வளவு ஏற்றாததால் என்று அந்தப் படத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ஓபிஸின் பெரிய சிக்கல் இதுதான், அது ஓபிஸின் குற்றமும் இல்லை. கொடுத்ததைக் காட்டுகிறது. வெறும் நீலமாக இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று யாராவது ஒரு திட்ட அறிக்கையில் எழுதினால், அதைத் தடுக்க அந்தத் தளத்தில் எதுவும் கிடையாது. ‘தேடினோம், கிடைக்கவில்லை’ என்று பதிவிட ஒரு கட்டம் இருக்கிறது. நம்மூரில் கிடைக்காததை யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள்!

பெயர் விஷயத்தில் இவர்கள் கறார். வோர்ம்ஸ் என்று உலகக் கடலுயிர்ப் பெயர்ப் பதிவேடு ஒன்று உண்டு. அதில் இல்லாத பெயரோடு போனால் உள்ளே விடமாட்டார்கள். ஒரே மீனுக்கு நாலு பேர் நாலு காலத்தில் வைத்த பெயர்களை ஒன்றாக்குவதில் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்கிறது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறது. நண்டு வலையில் வருகிற நம் நீலக்கால் நண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்திலிருந்து சதை எடுத்து அமெரிக்கா வரைக்கும் போகிற சரக்கு. நெடுங்காலம் எல்லாரும் அதைப் போர்ட்டூனஸ் பெலாஜிகஸ் என்றே எழுதினார்கள். 2010-இல் லாய், இங், டேவி என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்த ஒரு பெயருக்குள் நான்கு இனங்கள் இருப்பதாகப் பிரித்தார்கள். வங்கக்கடல் பக்கம் இருப்பது போர்ட்டூனஸ் ரெட்டிகுலேட்டஸ். பிரித்தாயிற்று, சரி. பழைய பதிவில் ‘பெலாஜிகஸ்’ என்று எழுதிய நண்டு எது? கணினி தானாக மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. நண்டைப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தாலோ, ஓட்டின் புள்ளிக்கோலம் தெரிகிற மாதிரி படம் எடுத்திருந்தாலோதான் சொல்ல முடியும். இன்றும் வாடியில், அதாவது மீன் இறங்கும் கரைக்கொட்டகையில், பழைய பெயரை எழுதச் சொல்கிற படிவங்கள் சுற்றுகின்றன. படிவம் அடித்தவர்கள் மாற்றவில்லை, எழுதுகிறவர்கள் கேட்கவில்லை.

அடுத்தது இடம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடல் தரவில் பாதிக் கோளாறு இங்கேதான். படகில் இருக்கிற ஜிபிஎஸ் பாகையும் நிமிடமுமாகக் காட்டும். மண்டபத்துக்கு வடக்கே ஒரு நண்டு வலை போட்ட இடம் 9 பாகை 22.50 நிமிடம் வடக்கு, 79 பாகை 09.00 நிமிடம் கிழக்கு என்று வைத்துக்கொள்வோம். டார்வின் கோர் என்று உலகம் முழுக்க ஒரே மாதிரி வைத்திருக்கும் படிவத்துக்கு அதைத் தசமமாக மாற்ற வேண்டும். நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் 9.375, 79.15. அவசரத்தில் நிமிடத்தை அப்படியே புள்ளிக்குப் பின்னால் தட்டினால் 9.2250, 79.0900 ஆகிவிடும். வடகடல் நண்டு பதினேழு பதினெட்டு கிலோமீட்டர் தாண்டி, நிலத்தையும் தாண்டி, தென்கடலில் முசல் தீவுப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். அதாவது மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்றின் வாசலில்! ஒரு திட்டத்தில் வரிசை வரிசையாக இப்படி ஏற்றி வைத்திருந்த தாள்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதை ஓபிஸ் கண்டுபிடிக்குமா? பாதி. புள்ளி நிலத்தில் விழுந்தால் ‘நிலத்தில் இருக்கிறது’ என்று கொடி குத்தும். எழுதிய ஆழம் அந்த இடத்துக் கடலாழத்தைவிட அதிகமென்றால் அதற்கும் ஒரு கொடி. ஆழமில்லாத பாக் விரிகுடாவில் அடியை மீட்டர் என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். நாலு பாகம் என்றால் 7.3 மீட்டர் என்று மாற்றித்தான் போட வேண்டும். ஆனால் தப்பான புள்ளி இன்னொரு நல்ல கடலில் விழுந்தால் எந்தக் கொடியும் ஏறாது. வடகடலையும் தென்கடலையும் ஒரு மெல்லிய நிலம் பிரிக்கிற நம் ஊரில், இந்த ஓட்டை மற்ற இடங்களைவிடப் பெரிது. கொடிகளைப் பயனாளிக்கு ஒளிக்காமல் காட்டுவதும், கொடி உள்ளதை வடிகட்டும் வசதி தருவதும் நேர்மையான வேலை. அதைப் பாராட்ட வேண்டும்.

இனிக் கொடுக்கிறவர் பக்கம். தங்கச்சிமடத்துச் சித்தப்பா ஒருவரிடம் இந்த வரைபடத்தைக் காட்டினேன். “ஏம்மா, நாங்க வலை போடுற எடத்தப் பூரா இதுல ஏத்திட்டா, நாளைக்கு எவன் வேணா வந்து எறங்கிருவானே?” என்றார். நல்ல கேள்வி. அவர் ஜிபிஎஸ்ஸில் சேர்த்து வைத்திருக்கிற பாறு இடங்கள் (மீன் கூடும் கடலடிப் பாறைகள்) அவருக்கு வங்கிக் கணக்கு மாதிரி. அதில் எல்லைக்கோட்டுப் பயமும் சேர்ந்திருக்கிறது. இதற்கு வழி இல்லாமல் இல்லை: இடத்தைத் துல்லியமாகச் சொல்லாமல், ‘இத்தனை மீட்டர் சுற்றுவட்டத்துக்குள்’ என்று தளர்த்திக் கொடுக்கலாம், தளர்த்தியிருக்கிறோம் என்றும் எழுதிவிடலாம். கடல் அட்டைக்கும் கடல்குதிரைக்கும் இது கட்டாயம் என்பேன், புள்ளி திருடனுக்கும் வழிகாட்டும். பார்த்த உயிரினங்களைப் பொதுமக்கள் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி ஆபத்திலுள்ள இனங்களுக்கு இதைத் தானே செய்துவிடுகிறது. ஓபிஸுக்குப் போகும் தரவில் அனுப்புகிறவர்தான் கவனித்துச் செய்ய வேண்டும்.

கடல் அட்டை என்றதும் இன்னொன்று. இங்கே 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொட்டால் வழக்கு. எதிரே இலங்கையின் தலைமன்னார் பக்கம் உரிமம் எடுத்துப் பிடிக்கலாம். ஒரே கடல், ஒரே அட்டை. அந்தக் கரையில் அது வியாபாரப் புள்ளிவிவரம், இந்தக் கரையில் பறிமுதல் பட்டியல். இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தால்தான் இருப்பு கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். 2026 ஜனவரி 17-இல் நடைமுறைக்கு வந்த ஆழ்கடல் உயிரினப் பன்மய ஒப்பந்தத்தில் தரவுப் பகிர்வுக்கென்று ஒரு பொது ஏற்பாடு உண்டு. அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத தூரக் கடலுக்கானது. நம் நீரிணையில் அப்படி ஒரு துளி தண்ணீர்கூடக் கிடையாது, 1974-இலும் 1976-இலும் கோடு போட்டு முழுக்கப் பங்கு பிரித்தாகிவிட்டது. ஆகவே இங்கே பகிர்வதென்றால் இரண்டு நாடும் தாமாக ஏற்ற வேண்டும். ஏற்ற ஓபிஸ் இடம் வைத்திருக்கிறது, ஏற்றச் சொல்லும் அதிகாரம் அதனிடம் இல்லை.

நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தின் கணக்கு, நிதி முடிந்ததும் யாரோ ஒருவருடைய ஹார்ட் டிஸ்கில் நின்றுவிட்டது. கேட்டால் “கட்டுரை வரட்டும்” என்பார்கள். கட்டுரைக்கு முன்பே தரவை ஏற்றி, தனக்கென்று ஒரு மேற்கோள் அடையாளம் வாங்கி, பெருமையை விட்டுக்கொடுக்காமல் இருக்க வழி இருக்கிறது. டார்வின் கோரில் பதிவு செய்தவர் பெயருக்கே தனிக் கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் நண்டுக்காரர் பெயரையும் அவர் சம்மதித்தால் போடலாம். திட்டத் தலைவர் பெயர் மட்டும்தான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மதிப்பெண்: தளத்துக்கு ஐந்தில் நாலு, அதில் நம் கரைக்காக இருப்பதற்கு ஐந்தில் இரண்டு. முதுகலைத் திட்டம் செய்கிற ராமநாதபுரம் மாணவர்கள் கட்டாயம் பயன்படுத்துங்கள். இறக்கியதும் முதல் வேலையாகக் கொடி ஏறிய வரிகளைப் பிரியுங்கள், பிறகு ஒவ்வொரு தரவுத் தொகுப்பின் உரிமத்தையும் பாருங்கள். சிலது வணிகத்துக்குக் கூடாது, பலதில் எடுத்தவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். கைவசம் பழைய வாடி நோட்டு வைத்திருக்கிறவர்கள் கொச்சி முனையை நேரடியாக அணுகுங்கள். போகும் முன் நிமிடத்தை 60-ஆல் வகுத்துவிடுங்கள்.