கட்டி பரவுமா என்று சொல்கிறோம் என்று பணம் வாங்கினார்கள்: தைராய்டு நோயாளி இருக்கும் வீட்டாருக்கு

தைராய்டு ஆபரேஷன் முடிந்து அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், இதை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள். என் தங்கைக்கு நடந்தது. லேப், ஆஸ்பத்திரி பெயரை இங்கே போடவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த மனுவில் எல்லாம் இருக்கிறது.

தங்கைக்கு 31 வயது, கையில் பத்து மாதக் குழந்தை. கழுத்தில் இடது பக்கம் சின்னக் கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் பாப்பில்லரி கேன்சர் என்று, தைராய்டில் வருகிற ஒரு வகைக் கேன்சர் என்று வந்தது. தைராய்டில் பாதியை மட்டும் எடுத்தார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் கட்டி 8 மில்லிமீட்டர், ஒன்றே ஒன்று, தைராய்டை விட்டு வெளியே போகவில்லை, ரத்தக் குழாயில் நுழையவில்லை, வெட்டிய ஓரம் சுத்தம், கூட எடுத்த இரண்டு நெறிகட்டியிலும் எதுவும் இல்லை. நல்ல செய்தி என்றால் அதுதான். அதை உட்கார்ந்து விளக்கிச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் இடத்திலேயே வெளி லேப் ஆள் ஒருவர் வந்துவிட்டார். கழுத்தில் லேப் அட்டை, கையில் வழவழ தாளில் அச்சடித்த பிரசுரம். “சார், பயாப்ஸி கேன்சரா இல்லையான்னுதான் சொல்லும். பரவுமா பரவாதான்னு ஜீன் டெஸ்ட்தான் சொல்லும். சின்னக் குழந்தை வேற இருக்கு” என்று தங்கை வீட்டுக்காரரிடம் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நாங்கள் விழுந்தோம். 18,500 ரூபாய். ‘லேப் சார்ஜ்’ என்று கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துவிட்டு, கட்டியை மெழுகில் பதித்து வைத்திருந்த பிளாக்கை வாங்கிக்கொண்டு போனார்.

பன்னிரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. முதல் பக்கத்தில் சிவப்புக் கட்டம்: பிராஃப் வி600ஈ மாற்றம் (பிராஃப் என்ற ஜீனில் வருகிற ஒரு மாற்றம்) உள்ளது, பரவும் வாய்ப்பு அதிகம். மறுநாளே போன். மீதித் தைராய்டையும் எடுத்துவிட்டு ரேடியோ அயோடின் (மிச்சமிருக்கும் தைராய்டு செல்லை அழிக்கக் கொடுக்கிற கதிர்வீச்சு மருந்து) கொடுப்பதுதான் பாதுகாப்பு, அதற்கு முன்னால் 46,000 ரூபாய்க்கு ‘ஃபுல் பேனல்’, அதாவது பல ஜீன்களைச் சேர்த்துப் பார்க்கிற டெஸ்ட், பார்த்துவிடலாம் என்றார்கள். 15,000 முன்பணம் கட்டினோம்.

ரேடியோ அயோடினுக்கு ஆறு வாரம் முன்பே தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும். அம்மா வேப்பிலை அரைத்துக் கொடுத்தாள். அதைப் பூசிக்கொண்டு அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தங்கை உள்ளே உட்கார்ந்திருந்தாள். வெளியே என் தோளில் குழந்தை தொண்டை கம்முகிற வரைக்கும் அழுதான். பால் கட்டி அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ராத்திரி, “அக்கா, நான் இருக்க மாட்டேனோ?” என்று கேட்டாள். அந்தச் சிவப்புக் கட்டத்தைத் தவிர வேறு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

சொந்தக்காரர் ஒருவர் வற்புறுத்தியதால் வேறு ஊரில் ஒரு தைராய்டு சர்ஜனைப் பார்த்தோம். அவர் ஜீன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் பயாப்ஸி ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்தார். அப்புறம் சொன்னார்: பாப்பில்லரி கேன்சர் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த பிராஃப் மாற்றம் இருக்கும். கட்டி உருவாகும்போதே வருகிற மாற்றம் இது. செல்லை ‘வளர், வளர்’ என்று விரட்டுகிற சுவிட்ச் அணையாமல் நின்றுவிடுகிறது. ஆனால் அந்தப் பாதிப் பேர் எல்லாருக்கும் பரவிவிடுவதில்லை, பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். 2015-இல் வந்த அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் வழிகாட்டியில், தைராய்டுக்குள்ளேயே அடங்கிய ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி, பிராஃப் இருந்தாலும், குறைந்த ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறது. பிராஃபோடு டெர்ட் என்ற ஜீனின் மாற்றமும் சேர்ந்து வந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்றார். இவ்வளவு சின்னக் கட்டியில் அது அபூர்வமாம்.

லேப் பிரசுரத்தையும் அவரிடம் காட்டினேன். 2013-இல் வந்த ஓர் ஆய்வை அதில் போட்டிருந்தார்கள். 1,849 நோயாளிகள், பிராஃப் உள்ளவர்களில் 5.3 சதவீதம் பேர் இந்த நோயால் இறந்தார்கள், இல்லாதவர்களில் 1.1 சதவீதம். எண்கள் சரிதான். அதே ஆய்வின் அடுத்த பாதியை விட்டுவிட்டார்கள். நெறிகட்டிக்குப் போனதா, தைராய்டைத் தாண்டியதா, தூர உறுப்புக்குப் போனதா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பிராஃப் தனியாகக் காட்டிய அந்த வித்தியாசம் நிற்கவில்லை என்று அந்த ஆய்வே சொல்கிறது. அதாவது, எங்கள் கையில் ஏற்கெனவே இருந்த பயாப்ஸி ரிப்போர்ட்தான் முக்கியம். பாதியை மட்டும் அச்சடித்துக் கொடுப்பதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இந்த டெஸ்டே வீண் என்று நான் சொல்லவில்லை. ஊசி டெஸ்டில் முடிவு தெளிவாக வராதபோதும், நோய் முற்றி எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க வேண்டியபோதும் ஜீன் டெஸ்ட் உதவுகிறது. அதை உங்கள் டாக்டர் கேட்க வேண்டும், பில் கவுன்ட்டரில் நிற்கிற ஆள் கேட்கக் கூடாது. கேட்டால் ஒன்றே ஒன்று திருப்பிக் கேளுங்கள்: இதில் எது வந்தால் எந்த வைத்தியம் மாறும்? அதற்கு உங்கள் சர்ஜன் பதில் சொல்லும் வரை பணம் கட்டாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் பிளாக்கையும் கையை விட்டு அனுப்பாதீர்கள். எட்டு மில்லிமீட்டர் கட்டியில் இருக்கிற திசுவே கொஞ்சம்தான், டெஸ்டுக்கு என்று சீவச் சீவத் தீர்ந்துவிடும்.

எங்கள் பிளாக் 41 நாள் கழித்துக் கூரியரில் வந்தது. மெழுகுக்கு நடுவில் நகக்கண் அளவுக்குத்தான் மிச்சம். நல்லவேளை, ஆஸ்பத்திரியில் பழைய ஸ்லைடுகள் இருந்தன. அவற்றை வைத்துத்தான் புது டாக்டர் மறுபடி பார்த்து உறுதி செய்தார். இரண்டாவது ஆபரேஷன் வேண்டாம், அயோடின் வேண்டாம், ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

முன்பணம் இன்னும் வரவில்லை. அந்த டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரியே தங்கை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலைக் கேட்டான்.