50 எம்எம் லென்ஸும் ஆனேக்கல் பக்கத்து ஊர்களும்: சில வருட உபயோகத்துக்குப் பிறகு

வேலை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில். லீவு கிடைத்தால் ஸ்கூட்டரில் ஆனேக்கல் பக்கத்து ஊர்களைச் சுற்றக் கிளம்பிவிடுவேன். சில வருடங்களாகப் பையில் ஒரே லென்ஸ்தான்: 50 எம்எம் எஃப்/1.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து அதிக வெளிச்சம் விடும்). சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் ஏறக்குறைய 75 எம்எம் பார்வை. ஏரியும் வானமும் சேர்ந்து ஃபிரேமில் அடங்காது. அதனால் கண் தானாகச் சின்ன விஷயங்களைத் தேட ஆரம்பித்துவிடுகிறது. இதை நான் இன்னும் விற்காமல் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

டிசம்பர், ஜனவரியில் போனால் ராகிக் கதிரைத் தார் ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள். பஸ்ஸும் டிராக்டரும் ஏறிப்போவதிலேயே பாதி கதிரடிப்பு முடிந்துவிடும். (பைக்கில் போகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம்.) தூற்றும்போது காலை வெயிலுக்கு எதிரே நின்று எடுக்க வேண்டும். ஷட்டர் 1/1000 வினாடியில் உமி புள்ளி புள்ளியாக நிற்கும். 1/60-க்கு இறக்கினால் மெல்லிய திரைபோல இழுபடும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. அந்தத் தூசியில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் அவ்வளவுதான். ஒரே லென்ஸோடு போனால் அந்த வம்பே இல்லை.

இதன் அருமை தெரிவது பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில். முற்றிய புழுக்களைச் சந்திரிகை எனும் மூங்கில் தட்டியில் விட்டிருப்பார்கள். சுருள் சுருளாக ஓடும் பின்னலுக்கு நடுவே அவை கூடு கட்டும். பாதி கட்டிய கூடு கண்ணாடித்தாள் அளவுக்கு மெல்லிசு. உள்ளே புழு தலையால் எட்டு போட்டுக்கொண்டே இருப்பது வெளியிலிருந்து தெரியும். ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான் என்றாலும் எஃப்/2, 1/125 வினாடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600-இல் படம் வந்துவிடும், ஃபிளாஷ் வேண்டாம். தொந்தரவும் அங்கேதான்: அரை மீட்டரை விடக் கிட்டே போனால் ஃபோகஸ் பிடிக்காது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் 10 எம்எம் எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்று வாங்கிப் போட்ட பிறகு சரியாயிற்று. இன்னொன்று, சிகரெட் வாடையோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஏரிக்கரை நடுகற்களுக்கு லென்ஸை விட நேரம்தான் முக்கியம். பெரும்பாலும் மூன்று அடுக்கு: கீழே சண்டை, நடுவில் வீரனைத் தூக்கிச் செல்லும் தேவமகளிர், மேலே சிவலிங்கம். மதியம் போனால் வெறும் கல்தான். காலை ஏழு மணிச் சாய்ந்த வெயிலில் வாளின் பிடி வரை எழும்பி வரும். இந்தத் தாலுகாவில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு. தேய்ந்த எழுத்துக்கும் இதே வழிதான். மேகமாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எஃப்/8-இல் எடுக்கிறேன்.

ஆட்களை எடுக்க இந்த 75 எம்எம் பார்வை தோதானது. முகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டியதில்லை. திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "நல்லா எடுப்பா, ஆதார்ல இருக்கிறது நானே இல்ல" என்றார். அடுத்த முறை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு இப்போது தெருவே கூப்பிடுகிறது. கிராமத்தில் படம் எடுப்பவர்கள் லென்ஸ் செலவோடு பிரிண்ட் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறை என்று பார்த்தால், மங்கலான வெளிச்சத்தில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தடவும். எஃப்/1.8-இல் ஓரங்கள் சோகை, எஃப்/4-இல் சரியாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க லென்ஸ் முனையில் ஒரு ஹூட் கட்டாயம் போடுங்கள். கரகம், தேர் என்று கூட்டத்துக்குள் நின்று எடுப்பவர்களுக்கு இது ஆகாது, கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸையே வைத்துக்கொள்ளுங்கள்.