சின்னரியின் வங்காளக் கோட்டோவியம்: பிரிண்ட் அருமை, ஓரத்தை ஏன் வெட்டினார்கள்?

ஆன்லைனில் வாங்கிய பிரிண்ட் இது. ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் சின்னரி வங்காளத்தில் பழுப்பு மசியில் வரைந்த நிலக்காட்சி. முதுகு வளைந்த கூரையோடு ஒரு குடிசை, பின்னால் செடி முளைத்த பழைய கட்டடம், முன்னால் மாடுகள், முகம் தெரியாத சிலர். தாள் நல்ல கனம், பேனா அழுத்திய இடமும் சும்மா உரசிப் போன இடமும் தனித்தனியாகத் தெரிகின்றன. அந்த வகையில் கொடுத்த காசுக்குக் குறையில்லை.

ஆனால் கடைக்காரர்கள் இதை ‘அமைதியான இந்தியக் கிராமம்’ என்று போட்டு விற்கிறார்களே, அங்கேதான் எரிச்சல். சின்னரி 1802-இல் சென்னைக்கு வந்து, 1807-இல் வங்காளம் போனவர். டாக்காவில் அவர் தங்கியது சார்லஸ் டாய்லியிடம். டாய்லி அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர், சின்னரியிடம் ஓவியம் கற்றவரும்கூட. வரி வாங்குகிறவரின் விருந்தாளி குடிசைகளையும் மொகலாயர் இடிபாடுகளையும் வரைகிறார், படத்தில் வரியும் இல்லை, கம்பெனிக்காரனும் இல்லை. பழைய அரசு இடிந்து கிடக்கிறது என்று காட்டினால் போதும், இப்போது யார் ஆட்சி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஆதிக்கப் படம் என்று முத்திரை குத்திவிடலாமா என்றால் அதற்கும் மனசு வரவில்லை, ஏனென்றால் இடிபாட்டைவிடக் குடிசைக் கூரையில்தான் பேனா அதிக நேரம் நின்றிருக்கிறது. வரைந்தவரும் கம்பெனிப் பெரிய மனிதர்களின் உருவப்படங்களால் பிழைத்து, கடன் தலைக்கு மேல் ஏறி 1825-இல் சீனக் கரையிலுள்ள மக்காவ் நகருக்கு ஓடி, 1852-இல் அங்கேயே இறந்த ஆள்.

இதில் பெரிய துப்பு அவருடைய சுருக்கெழுத்து. தன் கோட்டோவியங்களிலேயே கர்னி என்ற ஆங்கிலச் சுருக்கெழுத்து முறையில் குறிப்பு எழுதுவார், நிழல் எப்படி, எதைத் திருத்த வேண்டும் என்று. அதைப் பார்த்தால்தான் இந்தக் குடிசை பின்னால் ஏதோ ஒரு பெயின்டிங்குக்காக எடுத்து வைத்த சரக்கு என்பது உறைக்கும். என் பிரிண்டில் அந்தக் குறிப்பு இருந்த ஓரத்தை ஃப்ரேம் அளவுக்காக வெட்டிவிட்டார்கள், ஒரு எழுத்துக் கீற்றின் வால் மட்டும் மிச்சம். கேட்டால் ‘அழுக்கு மாதிரி இருந்தது சார்’ என்கிறார்கள்!

ஐந்துக்கு மூன்று. வாங்குவதானால் ஓரம் வெட்டாத முழுத் தாள் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள், ஃப்ரேமை வெளியில் போட்டுக்கொள்ளலாம்.