ஃபேர்லேடி இசட், ஆர்எக்ஸ்-7, ஏஇ86: புதுப்பிக்க எதை எடுப்பது?

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தோற்றத்தையும் குதிரைத்திறனையும் வைத்தே முடிவெடுக்கிறார்கள். பாதி பிரித்துப் போட்ட கார்கள் இத்தனை விற்பனைக்கு வருவது அதனால்தான். முதலில் கேட்க வேண்டியது, இந்தக் காரில் வேலை எங்கே இருக்கிறது, அந்த வேலை நம் கைக்கு வருமா என்பதை. நிசானின் இசட் காரில் வேலை தகட்டில் இருக்கிறது. மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-7இல் இன்ஜினுக்குள் இருக்கிறது. டொயோட்டாவின் ஏஇ86இல், வாங்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

இசட்: இன்ஜின் காத்திருக்கும், தகடு காத்திருக்காது

1969இல் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்று அறிமுகமாகி, வெளிநாடுகளில் டாட்சன் 240இசட் ஆன கார் இது. ஏற்றுமதி வண்டியில் இருந்த எல்24 இன்ஜின் 2393 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், இரட்டை ஹிட்டாச்சி கார்புரேட்டர். வார்ப்பிரும்பு பிளாக் என்பதால் தேய்ந்தாலும் ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் குடைந்து, பெரிய பிஸ்டன் போடலாம். 1973 மாடலின் தட்டை மூடி கார்புரேட்டர்கள் மட்டும் சூட்டில் மக்கர் செய்வதால், பலர் முந்தைய வருடங்களின் உருண்டை மூடி ஜோடிக்கு மாறிவிடுகிறார்கள். வால்வு இடைவெளி சூட்டில் இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. வைத்தால் போதும். ஹெட்டைக் கழற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது: டைமிங் செயினுக்கு நடுவே மர ஆப்பு ஒன்றை இறக்கி, செயினை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரைப் பிடித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் டென்ஷனரின் பிளஞ்சர் வெளியே துள்ளிவிடும். முன் கவரைக் கழற்றாமல் அதை உள்ளே தள்ள வழியில்லை.

இன்ஜின் கதை அவ்வளவுதான். மீதி எல்லாம் துரு. பேட்டரி தட்டுக்குக் கீழே அமிலம் சொட்டி, ஃபயர்வாலும் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள சுவர்) அடியில் ஓடும் ரெயிலும் (உடலைத் தாங்கும் நீளச் சட்டம்) அரித்திருக்கும். தளத்தின் மேல் ஒட்டிய தார் விரிப்பைச் சுரண்டிப் பார்க்காமல் தளம் நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. கதவுக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள கீழ் மூலை, பின் கதவின் கீழ் விளிம்பு, ஸ்டெப்னி குழி ஆகியவை அடுத்த இடங்கள். வெளித்தகட்டை மட்டும் ஒட்டுப்போட்டுப் பட்டி பூசியிருந்தால் இரண்டு மழைக்காலத்தில் கொப்புளம் வரும், ஏனென்றால் துரு உள்தகட்டிலிருந்து வெளியே வருகிறது. மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டிதான்.

வைப்பர் அடியிலுள்ள காற்றுப் பெட்டியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மெதுவாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால், அது முன் ஃபெண்டர்களுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெளியே வர வேண்டும். கார் உள்ளே, கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் பெட்டியின் அடித்தகடு போய்விட்டது. இந்தக் காரிலேயே சிக்கலான வெல்டிங் அதுதான். மேலுள்ள தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுத் திறந்தால்தான் அதற்கு வழி கிடைக்கும். ரெயில்களில் துரு இருந்தாலும் பயப்பட வேண்டாம், காற்றுப் பெட்டியில் இருந்தால் விலகிவிடலாம் என்பது என் கருத்து.

ரெயில் மாற்றும்போது பழைய துருவின் மேலேயே புதிய உறையைப் போட்டு வெல்டு செய்வது மிகப் பரவலான தவறு. இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு, முன்பைவிட வேகமாக அரிக்கும். பழைய ரெயிலை முழுதும் வெட்டி எடுக்க வேண்டும். அதற்கு முன் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுத்து, காரைச் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களில் தாங்கி நிறுத்தி, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும். ரெயிலுக்கு 1.5 முதல் 2 மி.மீ. தகடு, தளத்துக்கு 1 மி.மீ. போதும். 8 மி.மீ. துளைகள் போட்டுப் பிளக் வெல்டு செய்து, வெல்டு ஆறியதும் உட்குழியில் மெழுகு தெளிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கதவு இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். 3 மி.மீ. நகர்ந்துவிட்டால், பெயின்ட் அடித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

பின் சஸ்பென்ஷனின் கீழ்க் கையில் செல்லும் நீண்ட ஸ்பிண்டில் ஆணி துருப்பிடித்து இறுகியிருக்கும். சுத்தியலால் அடித்தால் மரை விரிந்து பூப்போல மலர்ந்துவிடும், அப்புறம் அது எந்தப் பக்கமும் வராது. நடுவிலுள்ள பூட்டு ஆணியை முதலில் எடுத்துவிட்டு, ஊடுருவும் எண்ணெயை நாள் கணக்கில் ஊறவிட்டு, பிரஸ் வைத்துத் தள்ளுவதே வழி. மின்சாரத்தில் ஒரே மாற்றம் கட்டாயம்: ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் ஸ்விட்ச் வழியாகவும் ஃபியூஸ் பெட்டி வழியாகவும் ஓடுவதால் பெட்டியே உருகுகிறது. ரிலே போட்டுவிட்டால் அந்தத் தலைவலி தீரும்.

ஆர்எக்ஸ்-7: அளவுகோல் பிடிக்கத் தெரிந்தவருக்கு

1978இல் வந்த முதல் தலைமுறையைத்தான் இங்கே சொல்கிறேன். 12ஏ ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும்), 573 சிசி அறைகள் இரண்டு, மொத்தம் 1146 சிசி. உடலில் துரு வராமல் இல்லை. பின் சக்கர வளைவும், கதவுக்குக் கீழே ஓடும் ஸில்லின் முனைகளும் அரிக்கும். ஆனால் இசட் அளவுக்குக் கொடுமை கிடையாது. பின் அச்சு ஒரே துண்டு, அதைப் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது வாட்ஸ் இணைப்பு என்பதால் அடிப்பக்கமும் எளிது.

இன்ஜினை மதிப்பிட, சாதாரண கம்ப்ரெஷன் கேஜ் அப்படியே உதவாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். கேஜ் அவற்றில் உயர்ந்த அளவை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும். கேஜின் வால்வை எடுத்துவிட்டு இன்ஜினைச் சுழற்றினால் முள் மூன்று முறை துள்ளும். மூன்றும் ஒரே உயரத்தில் துள்ள வேண்டும். சரியான ரோட்டரி டெஸ்டரில், 250 ஆர்பிஎம் வேகத்தில், சதுர செ.மீ.க்கு 6 கிலோ என்பது கீழ் எல்லை. முகங்களுக்கு இடையே 1.5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஓடிக்கொண்டிருந்தாலும் இன்ஜின் பிரிக்க வேண்டியதுதான்.

இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் அறைக்குள் கசியாமல் தடுக்கும் சீல் போனால் அறிகுறி வேறு. இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் கிளப்பும்போது ஒரு ரோட்டர் தடுமாறும், இனிப்பு வாசனையுடன் வெள்ளைப் புகை வரும், சில நிமிடத்தில் எல்லாம் சரியானது போலத் தெரியும். விற்பவர் காரைச் சூடாக்கி வைத்துக் காட்டினால் இது மறைந்துவிடும்; ஆறிய இன்ஜினைத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருங்கள். ரோட்டர் ஹவுசிங் அலுமினியம், பக்கத் தகடுகள் வார்ப்பிரும்பு. ஒருமுறை சூடேறினாலே இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து நடுவிலுள்ள சீலைக் கொன்றுவிடும்.

இசட் இன்ஜினுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம்: ரோட்டர் ஹவுசிங்கை ரீபோர் செய்ய முடியாது. உள்சுவரின் குரோம் பூச்சு ஓரத்தில் லேசாக உதிர்ந்திருந்தால் சமாளிக்கலாம். ரோட்டரின் முனைகளில் இருந்து சுவரை உரசும் ஏபெக்ஸ் சீல் ஓடும் பாதையில் வரி விழுந்திருந்தால் வேறு ஹவுசிங் தேட வேண்டும். ஆகவே பிரித்த பிறகுதான் உண்மைச் செலவு தெரியும். வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டு ஹவுசிங்குக்கும் இடம் ஒதுக்காமல் இந்தக் காரைத் தொட வேண்டாம்.

பூட்டும் வேலை நிதானம் கேட்கும். இரண்டு ரோட்டருக்குமாக ஏபெக்ஸ் சீல் 6, பக்க சீல் 12, மூலை சீல் 12. பக்க சீலுக்கும் மூலை சீலுக்கும் இடையே 0.05 முதல் 0.15 மி.மீ. இருக்கும்படி ஒவ்வொன்றாக அரம் போட்டு, எந்தக் குழிக்கு எது என்று குறித்து வைக்க வேண்டும். ஃப்ளைவீல் நட்டு 54 மி.மீ.; சாதாரண ஸ்பேனர் செட்டில் அது இருக்காது. கடைசியில் பலரைக் கவிழ்ப்பது முன்பக்கத்து நீடில் பேரிங். நடு போல்ட்டை இறுக்கும்போது அது இருக்கையிலிருந்து நழுவினால் ஸ்பேசருக்கும் தகட்டுக்கும் நடுவே நசுங்கிவிடும். ரோட்டர்கள் சுழற்றும் எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜில் பாருங்கள்: 0.04 முதல் 0.07 மி.மீ. வந்தால் பேரிங் தன் இடத்தில் இருக்கிறது.

ஓட்டும் பழக்கமும் மாற வேண்டும். இன்ஜின் எண்ணெயை ஒரு சிறு பம்ப் அறைக்குள் செலுத்தித்தான் சீல்கள் உயிர் வாழ்கின்றன. அதன் பழைய குழாய்கள் காய்ந்து உடையும். பம்பை எடுத்துவிட்டால் 100 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்தாக வேண்டும். ஷெட்டிலிருந்து முற்றத்துக்கு நகர்த்தி உடனே அணைப்பதுதான் இந்த இன்ஜினுக்குச் செய்யும் கெடுதல். எரியாத பெட்ரோல் சீலின் எண்ணெயைக் கழுவிவிடும், அடுத்த முறை கம்ப்ரெஷனே வராது. அப்படி மூழ்கினால் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்து, பிளக்குகளைக் கழற்றிச் சுழற்றி, கீழ்ப் பிளக் துளைகளில் கொஞ்சம் இன்ஜின் எண்ணெய் விட்டுப் பிறகு கிளப்ப வேண்டும்.

ஏஇ86: முழுதாகக் கிடைத்தால் மட்டும்

1983 முதல் 1987 வரை வந்த கொரோலா லெவின், ஸ்பிரிண்டர் ட்ருவெனோ. 4ஏ-ஜிஇ இன்ஜின், 1587 சிசி, 16 வால்வு. மூன்றில் இயந்திர வேலை மிக எளிதானது இதில்தான். இதே குடும்ப இன்ஜின் முன்சக்கர கொரோலாவிலும் எம்ஆர்2விலும் வந்ததால் உள்பாகங்கள் கிடைக்கின்றன. டைமிங் பெல்ட், வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம், கேம் கவரின் பின்முனையிலுள்ள அரைவட்ட ரப்பர் என்று வேலையும் தெளிவானது.

சிக்கல் காரின் அடையாளத்தில். சாதாரண 1452 சிசி இன்ஜினுடன் வந்த ஏஇ85 உடலில் 4ஏ-ஜிஇயை இறக்கி 86 என்று விற்பது வழக்கம். சேஸிஸ் எண்ணை மட்டும் நம்புங்கள், ஒட்டுப்படங்களை அல்ல. அடுத்தது டிரிஃப்ட் (காரைச் சறுக்கவிட்டு ஓட்டுவது) அடிபாடு. பின் குவார்ட்டர் தகட்டின் உட்பக்கம், முன் ரெயில்களின் நுனி, ஸ்ட்ரட் டவரின் சீலர் ஆகியவற்றைப் பாருங்கள். ஆலை ஸ்பாட் வெல்டின் வட்டக் குழிகள் ஒரே இடைவெளியில் இருக்கும்; அவை மறைந்திருந்தால் அங்கே கை வைத்திருக்கிறார்கள். மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துவிட்டால் சந்தேகம் தீரும்.

டொயோட்டா தன் ஹெரிடேஜ் பாகத் திட்டத்தில் ஸ்டீரிங் நக்கிள் ஆர்ம், பின் பிரேக் காலிப்பர் போன்றவற்றை மறுபடி செய்தது பெரிய உதவி. ஆனால் வெடிக்காத டேஷ்போர்டு, கதவின் உள்பலகை, கண்ணாடி ரப்பர்களைத் தேடுவதில்தான் வருடங்கள் போகின்றன. உள்ளலங்காரம் இல்லாத, இன்ஜின் நன்றாக ஓடும் 86ஐவிட, உள்ளலங்காரம் முழுதாக இருந்து இன்ஜின் செத்த 86 பல மடங்கு மேல்.

மூன்றும் மலைப்பாக இருந்தால் 1989இல் வந்த மாஸ்டா ரோட்ஸ்டரின் முதல் தலைமுறையில் தொடங்கலாம். மாஸ்டாவே ஜப்பானில் அதற்குச் சீரமைப்புச் சேவை தொடங்கி, 185/60ஆர்14 டயர் வரை மறுபடி செய்ய வைத்திருக்கிறது. மேற்கூரையின் வடிகால் குழாய் அடைத்து, பின் சக்கரத்துக்கு முன்னால் ஸில் அரித்திருக்கிறதா என்று அடியில் படுத்துப் பாருங்கள். தொடக்க கால 1.6 இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் மூக்கு, அதாவது முன்முனை, குட்டையானது; அங்கே புல்லி பொருந்தும் சிறு உலோகச் சாவி (கீ) தளர்ந்து டைமிங் நழுவும். கிராங்க் புல்லியில் நான்கு பிளவு இருந்தால் அந்தப் பழைய வகை, எட்டு இருந்தால் திருத்திய வகை. நான்கு என்றால் என்ஜின் ஓடும்போது புல்லி ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.