காரின் மேப்பா, போனின் மேப்பா? ஓர் ஆக்டிங் டிரைவர் போட்ட கணக்கு

ஆக்டிங் டிரைவர் வேலையில் ஒரு வசதி உண்டு. திங்கட்கிழமை பிஎம்டபிள்யூ, புதன்கிழமை பென்ஸ், வாரக் கடைசியில் வால்வோ என்று மாற்றி மாற்றி ஓட்டலாம். எதற்கும் தவணை கட்ட வேண்டாம். சென்னையில் நிரந்தர டிரைவர் லீவு போட்ட வீடுகளிலிருந்து எனக்கு போன் வரும். பதினொரு வருஷமாக இதுதான் பிழைப்பு. வண்டிக்கு வண்டி ஓனர்கள் மாறினாலும் ஒரு கேள்வி மட்டும் மாறுவதில்லை: "இவ்வளவு காசு கொடுத்து வாங்கின வண்டியிலேயே மேப் இருக்கேப்பா, நீ ஏன் உன் போனையே பார்க்கிறே?" சிக்னல் விழுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயம் முன்கூட்டியே. எந்த வண்டி என்னை எங்கே மாட்டிவிட்டது என்று பெயர் சொல்ல மாட்டேன். ஓனர்களும் படிப்பார்கள்.

வழிகாட்டுவது என்பது ஒரு வேலை இல்லை, இரண்டு வேலை. போக வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பது முதல் வேலை. அங்கே தடுமாறாமல் கூட்டிப் போவது இரண்டாவது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் 'கார் மேப் மட்டம்', 'போன் மேப்தான் சூப்பர்' என்று சண்டை நடக்கிறது.

முதல் வேலையில் காரின் மேப் தோற்றுப் போகும். அதுவும் மோசமாக. பழைய வண்டிகளில் ஊரைக் கேட்கும், பிறகு தெருவைக் கேட்கும், பிறகு கதவு எண்ணைக் கேட்கும். ஜெர்மனியில் ஒரு தெரு, ஒரு எண், ஒரு வீடு. நம் ஊரில் 'பழைய எண் 14, புதிய எண் 31, இரண்டாவது குறுக்குத் தெரு, பிள்ளையார் கோயில் எதிரில்'. இதில் எதை எந்தக் கட்டத்தில் போடுவது? ஊர்ப் பெயருக்கு ஆங்கில எழுத்து போடுவது தனித் தொல்லை. திருவான்மியூருக்கு 'டி'க்குப் பக்கத்தில் 'எச்' உண்டா இல்லையா? எழும்பூர் என்று தேடுவதா, எக்மோர் என்று தேடுவதா? தூத்துக்குடியை இன்னமும் டூட்டிகோரின் என்று ஒளித்து வைத்திருக்கிற வண்டியை ஓட்டியிருக்கிறேன்.

எழுத்தைப் போடும் விதத்தையும் சொல்ல வேண்டும். 2001ல் 7 சீரிஸ் வண்டியில் பிஎம்டபிள்யூ ஐடிரைவ் என்று ஒரு திருகு குமிழைக் கொண்டுவந்தது. அப்போது திட்டாத ஆள் இல்லை. பிறகு ஆளாளுக்கு அதே மாதிரி வைத்தார்கள். அடுத்து வந்தது விரலால் எழுதும் வசதி. ஆடியில் கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை, பிஎம்டபிள்யூவில் குமிழின் தலையிலேயே. விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுத வேண்டும். அருமையான யோசனைதான், டிரைவர் இடது பக்கம் உட்காரும் நாட்டில். அங்கே வலது கை சும்மா இருக்கும். நம் நாட்டில் ஸ்டீயரிங் வலது பக்கம், ஆகவே எழுத வேண்டியது இடது கையால். நான் இடது கையால் போட்ட 'எம்' எனக்கே 'என்' மாதிரிதான் தெரிந்தது. மயிலாப்பூருக்குப் போக வேண்டிய ஓனர் பின் சீட்டில் இருந்தபடி என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நான் நேராகவே போய்விடுகிறேன் சார்' என்று சொல்லிக் கிளம்பினேன். இப்போது வரும் வண்டிகளில் குமிழும் பலகையும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன, எல்லாம் தொடுதிரை.

குரலில் சொல்லலாமே என்பார்கள். பென்ஸில் 2018லிருந்து 'ஹே மெர்சிடிஸ்' வந்துவிட்டது, மற்றவர்களிடமும் ஆளுக்கொன்று உண்டு. ஏசி குறை, ஜன்னல் திற என்பதற்கெல்லாம் நல்ல துணை. ஊர்ப் பெயர் என்று வரும்போது நான் பார்த்த எல்லா உதவியாளர்களுக்கும் ஒரே ராகம்: கீழ்ப்பாக்கத்தைக் கீழ்ப்பாக்கம் என்று சொன்னால் புரியாது, வெள்ளைக்காரன் மாதிரி சொன்னால் புரியும். நான் ஓட்டிய எந்தச் சொகுசு வண்டியின் மேப்பிலும் தமிழ்க் குரல் இருந்ததில்லை. போனில் கூகுள் மேப் தமிழிலேயே சொல்கிறது.

இன்றைக்கு முகவரியை யார் வாயால் சொல்கிறார்கள்? வாட்ஸ்அப்பில் லொகேஷன் வரும், தட்டினால் போனில் திறக்கும், வேலை முடிந்தது. அதே லொகேஷனை வண்டிக்கு அனுப்பவும் முடியும். பிஎம்டபிள்யூவுக்கும் பென்ஸுக்கும் அதற்கான ஆப் இருக்கிறது. ஆனால் அந்த ஆப் ஓனர் போனில், ஓனர் பெயரில் இருக்கிறது. என்னைப் போன்றவனுக்கு அது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற லட்டு.

சரி, இரண்டாவது வேலைக்கு வருவோம். இதில் காரின் மேப்புக்குத்தான் என் ஓட்டு.

கத்திப்பாராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2008லிருந்து அந்தச் சுற்றுப் பாலம் இருக்கிறது, இன்னமும் வெளியூர் வண்டிகள் அங்கே தயங்கி நிற்கின்றன. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையில் யோசிக்க சில நொடிகள்தான். போனுக்கு வானத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல்தான் பிரதானம். பாலத்துக்கு அடியிலோ உயரமான கட்டிடங்களுக்கு நடுவிலோ அந்த நீலப் புள்ளி பக்கத்துச் சாலைக்குத் தாவும். காரின் மேப் அதை மட்டும் நம்பி இல்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, வண்டி எத்தனை டிகிரி திரும்பியது என்று தன் சென்சார்களிலிருந்தே கணக்குப் போடும். சிக்னல் அறுந்தாலும் இருட்டில் வீட்டுக்குள் நடக்கிற மாதிரி நடந்துவிடும். கோயம்புத்தூரிலிருந்து கொச்சி போகும் வழியில் குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்தால் வித்தியாசம் தெரியும்: போனில் புள்ளி தடுமாறும், வண்டியின் திரையில் அம்பு அதுபாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும். நேர்ச்சாலை என்பதால் அங்கே ஆபத்தில்லை. அதே தடுமாற்றம் பாலம் பிரியும் இடத்தில் வந்தால் அடுத்த யு டர்ன் எங்கே என்று தேட வேண்டியதுதான்.

அப்புறம் ஹெட் அப் டிஸ்ப்ளே. முன் கண்ணாடியில், பானெட்டுக்கு மேல் மிதக்கிற மாதிரி ஓர் அம்பும், திருப்பத்துக்கு இன்னும் எத்தனை மீட்டர் என்பதும் தெரியும். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவே வேண்டாம். சொகுசு வண்டியில் ஒரே ஒரு வசதியை வைத்துக்கொள் என்றால் மசாஜ் சீட்டை விட்டுவிட்டு இதைத்தான் கேட்பேன் (மசாஜ் சீட் எனக்கில்லை, ஓனருக்கு என்பது வேறு விஷயம்).

பென்ஸில் இன்னொன்று உண்டு. திருப்பம் நெருங்கும்போது கேமரா பிடிக்கும் சாலைக் காட்சியே திரையில் வரும், அதன் மேல் நீல அம்புகள் ஓடும். முதல் நாள் பார்க்கும்போது வாயைப் பிளந்தேன். மூன்றாம் நாள் அணைத்துவிட்டேன். வீடியோவில் சாலை தெரிந்தால் கண் வீடியோவுக்குத்தான் போகிறது. ஷேர் ஆட்டோ நிஜச் சாலையில் அல்லவா பிரேக் போடுகிறது?

இவ்வளவு நன்றாக வழி தெரிந்தும் காரின் மேப் கெட்ட பெயர் வாங்குவது பழைய வரைபடத்தால்தான். பல வண்டிகளில் முதல் சில வருஷம் அப்டேட் இலவசம், பிறகு காசு. எட்டு லட்ச ரூபாய்க்கு ஆடியோ போடுகிற ஓனர் கூட மேப்புக்குப் பணம் கட்ட யோசிப்பார். புது வண்டியில் ஏறினால் நான் செய்யும் முதல் சோதனை கிளாம்பாக்கம் என்று தேடிப் பார்ப்பது. அந்தப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30ல் திறந்தது. மேப்பில் வந்தால் நம்பலாம். ஒன்றுமே இல்லை என்றால் அந்த மேப்புக்குத் தெரிந்த சென்னை வேறு. இதில் ஒரு தமாஷ்: பிஎம்டபிள்யூ 2007லிருந்து இங்கே வண்டிகளை அசெம்பிள் செய்வதே சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகேந்திரா சிட்டியில்தான். அதே ஜிஎஸ்டி சாலையில் வந்தால் கிளாம்பாக்கம்.

கோயம்புத்தூர் அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தது. பழைய மேப் உள்ள வண்டியில் அதன் மேல் போனால், கீழே இருக்கிற சிக்னல்களுக்கெல்லாம் 'இடது பக்கம் திரும்பு' என்று மேப்பில் பேசும் அம்மணி சொல்லிக்கொண்டே வருவார். போனுக்குப் பாலம் திறந்த செய்தி சீக்கிரம் தெரிந்துவிடும். மேலே ஏறுவதா கீழே போவதா என்று சொல்லும் வசதியை கூகுள் 2024ல் இந்திய நகரங்கள் பலவற்றில் கொண்டுவந்தது, அது பெரிய உதவி. ஆக, கார் மேப்புக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது நன்றாகத் தெரியும், ஊர் மாறியது தெரியாது. போனுக்கு ஊர் மாறியது தெரியும், தான் பாலத்துக்கு மேலா கீழா என்பதில்தான் சந்தேகம்.

மலையில் கதையே வேறு. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். போன் சிக்னல் வரும், போகும். ஆஃப்லைனில் இறக்கி வைக்காதவர் பாடு திண்டாட்டம். காரின் மேப் வண்டிக்குள்ளேயே இருப்பதால் அசராது. அடுத்த வளைவு எவ்வளவு கூர்மை என்பதும் முன்னாலேயே திரையில் தெரியும். ஆனால் மேப்பில் கோடு இருப்பதும் அந்தச் சாலையில் விடுவதும் ஒன்றில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி தூரம் குறைவு. வெளியூர் வண்டிகளை அந்த வழியாக இறங்க விடுவதில்லை. வால்பாறையில் ஒரு வண்டி (பெயர் கேட்கக் கூடாது) என்னை ஒரு தேயிலைத் தோட்டத்தின் பூட்டிய கேட் முன்னால் கொண்டு நிறுத்தி, 'நேராகச் செல்லவும்' என்றது. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான வண்டியை முன்னூறு அடி ரிவர்ஸில் எடுத்தேன். பின் சீட்டில் மேடம் தூங்கிக்கொண்டிருந்தார், அது என் அதிர்ஷ்டம்.

போனும் என்னை மாட்டிவிட்டிருக்கிறது, குற்றம் என்னுடையது. ஓனர் வீட்டுக்கு நான் போவது பைக்கில். போன் மேப்பை டூ வீலர் மோடில் வைத்ததை மறந்து காரிலும் அதையே பார்த்து ஓட்டினேன். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் கொண்டுபோய்விட்டது. கண்ணாடியோடு சேர்த்து இரண்டு மீட்டருக்கு மேல் அகலமான வண்டி. இரண்டு பக்கமும் கோலம், ஒரு பக்கம் தண்ணீர்க் குடங்கள். ஒரு பாட்டி குடத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி வழிவிட்டார், ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு வசவு.

இரண்டையும் இணைத்துவிட்டால் என்ன? ஆப்பிள் கார்ப்ளே 2014லும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015லும் வந்தன. போனின் மேப் வண்டியின் பெரிய திரையில் தெரியும். சொந்த வண்டி ஓட்டுபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. எனக்கு மட்டும் சிக்கல். என் போனை இணைத்தால் என் வீட்டுக்காரியின் அழைப்பு பதினாறு ஸ்பீக்கரில் கேட்கும். ஓனர் போனை இணைத்தால் அவர் ஹோட்டல் வாசலில் இறங்கி உள்ளே நடக்க நடக்க, திரையில் இருந்த மேப்பும் அவரோடு இறங்கிப் போய்விடும். பார்க்கிங் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நான் நிற்பேன்.

பென்ஸும் பிஎம்டபிள்யூவும் ஆடியும் விற்பனையில் கீரியும் பாம்பும். ஆனால் 2015ல் மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்து ஹியர் என்ற மேப் நிறுவனத்தை நோக்கியாவிடமிருந்து சுமார் 280 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். டேஷ்போர்டை கூகுளிடம் விட்டுவிடக் கூடாது என்ற பயம்தான் அவர்களைச் சேர்த்தது என்பது என் எண்ணம். வால்வோ அந்தப் பயத்தையே தூக்கிப் போட்டது. 2020ல் மின்சார எக்ஸ்சி40லிருந்து கூகுள் மேப்பையே வண்டிக்குள் வைத்துவிட்டார்கள். போன் வேண்டாம், கேபிள் வேண்டாம். தேடுவது போன் மாதிரி, காட்டுவது ஸ்டீயரிங்குக்கு எதிரிலேயே. இடம் தேடுவதில் ஜெர்மன்காரர்கள் யாரும் இதன் பக்கத்தில் வர முடியாது. வரிசைப்படுத்தச் சொன்னால் சென்னைக்குள் ஓட்ட எனக்கு வால்வோ முதலில், ஹெட் அப் டிஸ்ப்ளேவுக்காக பிஎம்டபிள்யூ அடுத்து. மலைக்குப் போவதானால் இரண்டும் இடம் மாறும்.

மின்சார வண்டி என்றால் மட்டும் போனைப் பையில் போட்டுவிடுவேன். பேட்டரியில் எவ்வளவு மிச்சம், ஏற்றத்தில் எவ்வளவு குடிக்கும், எங்கே நிறுத்தி சார்ஜ் போட வேண்டும் என்பது வண்டிக்குத்தான் நேரடியாகத் தெரியும்.

இப்போது நான் செய்வது இதுதான். ஓனர் கீழே வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் பார்க்கிங்கில் உட்கார்ந்து, என் போனில் இடத்தைத் தேடி, வாசல் எந்தத் தெருவில் என்று பார்த்துக்கொள்வேன். அதன் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரியோ ஹோட்டலோ ஏதாவது ஒன்றின் பெயரை வண்டியின் மேப்பில் போடுவேன். அதுவரைக்கும் வண்டி கூட்டிப் போகட்டும். கடைசி அரை கிலோமீட்டர் போன் பார்த்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் அன்றைக்குப் போன இடங்களை வண்டியின் பட்டியலிலிருந்து அழித்துவிடுவேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓனர் எங்கெங்கே போனார் என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை. பட்டியல் என்றதும் ஒரு நாள் ஞாபகத்துக்கு வருகிறது. பழைய வண்டி ஒன்றை வாங்கியிருந்த ஒரு சார், டெலிவரி எடுத்த அன்றைக்கே என்னை அழைத்திருந்தார். இரவு பத்து மணி, தூக்கக் கலக்கம், "வீட்டுக்கு விடுப்பா" என்றார். திரையில் வீடு படம் போட்ட பட்டன் இருந்தது, அழுத்தினேன். வண்டி கச்சிதமாக, ஒரு திருப்பம் தவறாமல், பெசன்ட் நகரில் பழைய ஓனர் வீட்டு கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. வாட்ச்மேன் வண்டி நம்பரைப் பார்த்து, சல்யூட் அடித்து, கேட்டையும் திறந்துவிட்டார்.