ஹானர்ஸ் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்: சேலம் பெற்றோர் கவனத்துக்கு

சேலத்தைச் சுற்றியுள்ள தன்னாட்சிப் பொறியியல் கல்லூரிகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருப்பவர்கள், ஐந்தாம் செமஸ்டர் தொடக்கத்தில் ‘ஹானர்ஸ்’ என்று ஒரு சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தால், அதில் கையெழுத்திடுவதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மகளுக்கு அந்தப் பட்டம் கிடைக்காமல் போனதற்கு அவளுடைய மதிப்பெண் காரணமில்லை. வழிகாட்டுவதற்கென்றே துறை நியமித்த ஆலோசகர் விதிமுறையைப் புரட்டிப் பார்க்காமல் வாய்மொழியாகச் சொன்னதும், அதை மேலே இருந்த எவரும் சரிபார்க்காததுமே காரணம். புகார் நிலுவையில் இருப்பதால் கல்லூரியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

ஹானர்ஸ் என்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கமான பி.இ. பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டுகளுக்கு (ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் அளவைப் பொறுத்துத் தரப்படும் புள்ளிகள்) மேல் 18 முதல் 20 கிரெடிட் வரை கூடுதலாகப் படித்து முடிப்பவர்களுக்கு இந்தப் பட்டத்தை வழங்கலாம் என்பது ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வகுத்த முறை. எங்கள் கல்லூரியின் கையேட்டில் அது 18 கிரெடிட். அதோடு சிஜிபிஏ (எல்லா செமஸ்டர்களுக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) 7.5-க்குக் குறையக் கூடாது, எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. இந்தக் கையேட்டை மாணவர்களிடம் யாரும் கொடுக்கவில்லை. கடைசி செமஸ்டரில் தகராறு முற்றிய பிறகுதான் நாங்களே கேட்டு வாங்கினோம்.

மாணவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் வாட்ஸப்பில் ஆலோசகர் அனுப்பிய ஓர் அட்டவணைதான். ஆறு பாடங்களின் பெயர், எதிரே பச்சை நிறத்தில் ஒரு டிக், அடியில் ‘6 பாடம் முடித்தால் ஹானர்ஸ்’ என்ற ஒற்றை வரி. கிரெடிட்டுக்கென்று ஒரு கட்டமே அதில் இல்லை. ஆறில் நான்கை, தலா 3 கிரெடிட், துறையிலேயே மாலை வகுப்பாக நடத்தினார்கள். மீதி இரண்டை என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடங்கள்) வழியாக முடிக்கச் சொன்னார்கள். அந்த இரண்டுமே 8 வாரப் பாடங்கள். “12 வாரம்தான் எடுக்க வேண்டுமா மேடம்?” என்று என் மகள் கேட்டதற்கு, “எத்தனை வாரமா இருந்தா என்னம்மா, சர்டிஃபிகேட் கையில இருந்தா போதும்” என்பதுதான் பதில்.

அது போதாது. என்பிடெல்லில் 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரப் பாடத்துக்கு 2, 4 வாரப் பாடத்துக்கு 1 என்பது எல்லாரும் பார்க்கக்கூடிய கணக்கு. வாராவாரம் அசைன்மென்ட் போட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் 1,000 ரூபாய் தேர்வுக் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் சென்று எழுதி, இரண்டிலும் நல்ல மதிப்பெண்ணோடு அவள் தேறினாள். எட்டாம் செமஸ்டரில், மார்ச் மாதம், தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அவளுடைய கோப்பின் ஓரத்தில் பென்சிலால் 12+2+2=16 என்று எழுதி, இரண்டு கிரெடிட் குறைகிறது என்று திருப்பிவிட்டார். ஜனவரிப் பருவத்துக்கான பதிவு அதற்குள் முடிந்துவிட்டதால், புதிதாக ஒரு பாடத்தைச் சேர்த்துக்கொள்ளவும் வழியில்லை.

நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். எங்கள் தொழிலில் வெள்ளி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போதெல்லாம் எடையும் டச்சும் (வெள்ளியின் தூய்மை அளவு) சீட்டில் ஏறிவிடும். கடைசியில் ஒரேயடியாக நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் விடுவதில்லை. இரண்டு ஆண்டு நடந்த ஒரு படிப்பில், செமஸ்டருக்கு ஒரு முறைகூடக் கிரெடிட்டைக் கூட்டிப் பார்க்காமல் கட்டணத்தை மட்டும் தவறாமல் வாங்கியிருக்கிறார்கள் என்பதை என்னால் சாதாரணக் கவனக்குறைவாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்படிச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவளோடு சேர்ந்த ஒரு மாணவனுக்கு ஐந்தாம் செமஸ்டரில் ஓர் அரியர் விழுந்தது. முதல் முயற்சி என்ற நிபந்தனைப்படி அன்றைக்கே அவனுடைய ஹானர்ஸ் முடிந்துவிட்டது. ஆனால் ஆலோசகர், “அடுத்த தடவை கிளியர் பண்ணிடுப்பா, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லியிருக்கிறார். ஆறாம், ஏழாம் செமஸ்டர்களுக்கான கூடுதல் பாடக் கட்டணம் அவனிடமும் வாங்கப்பட்டது. அவனுடைய தந்தை அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவர்.

ஹானர்ஸில் சேர்வதற்காக எங்களுக்குக் காட்டிய ஆசையும் பொய்யானது. பெற்றோர் கூட்டத்தில், ஹானர்ஸ் இருந்தால் எம்.இ. படிக்காமலேயே நேராகப் பிஎச்.டி. சேரலாம் என்றார்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகளில் கேட்கப்படுவது நான்காண்டு, எட்டு செமஸ்டர் இளநிலைப் பட்டமும் 75 சதவீத மதிப்பெண்ணும்தான். பி.இ. ஏற்கெனவே நான்காண்டுப் படிப்பு என்பதால், ஹானர்ஸ் இல்லாத மாணவருக்கும் அந்தத் தகுதி உண்டு. எம்.இ. சேர்க்கைக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதவும் ஹானர்ஸ் தேவையில்லை. நான்காம் ஆண்டும் படித்தால்தான் ஹானர்ஸ் என்பது கலை, அறிவியல் படிப்புகளுக்கு யுஜிசி வகுத்த சட்டகம். மூன்றாண்டுக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160 என்ற கணக்கு அங்கே பொருந்துவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் கூட்டத்தில் பேசினார்கள். தெரிந்தே குழப்பினார்களா என்று எனக்குள் ஒரு சந்தேகம் உண்டு.

கேட்கப் போனபோது அந்த ஆலோசகர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவர், தமக்கு முன்னால் நடந்ததற்குத் தாம் பொறுப்பில்லை என்றார். துறைத்தலைவர் இரண்டு பாடங்களுக்கான கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். எழுத்தில் தர மறுக்கிறார். எழுதிக் கொடுத்த மனுவுக்கு ஒப்புகை தரவில்லை என்பதால் அதையே விரைவுத் தபாலில் முதல்வருக்கு அனுப்பியிருக்கிறேன். 2023ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதன் முடிவில் திருப்தி இல்லையென்றால் ஓம்புட்ஸ்பெர்சனிடம் (மாணவர் குறைகளை விசாரிக்க நியமிக்கப்படும் நடுவர்) மேல்முறையீடு செய்யலாம். அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பிள்ளை இப்போது ஆறாம் செமஸ்டரை முடித்திருந்தால், விதிமுறைக் கையேட்டின் ஹானர்ஸ் பகுதியை நகலெடுத்து, இதுவரை முடித்த கூடுதல் பாடங்களையும் ஒவ்வொன்றின் கிரெடிட்டையும் எழுதி, ஆலோசகரிடம் அல்ல, தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரையோடு பதில் வாங்குங்கள். குறைவு இருப்பது இப்போதே தெரிந்தால், ஜூலைப் பருவப் பதிவு முடிவதற்குள் 12 வாரப் பாடம் ஒன்றைச் சேர்த்து அதைச் சரிக்கட்டிவிடலாம்.